ஐந்து குண்டில் விதி தெரியுமா?

சுடுதளத்தில் அதிகம் காதில் விழும் வாக்கியம் "தோட்டா சரியில்லை" என்பதுதான். அதற்கடுத்தது "காத்து அடிச்சிடுச்சு". "நான்தான் சரியாச் சுடலை" என்பதும் எப்போதாவது விழும். அப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேர் "சேச்சே, நல்லாத்தானே சுட்டீங்க" என்ற பதிலை எதிர்பார்த்துச் சொல்கிறவர்கள். நான் கிள்ளானில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தே தலை நரைத்தவள். இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் என் வாயில் ஒரே கேள்விதான் வரும்: எத்தனை சோதித்துவிட்டுச் சொல்கிறீர்கள்?

பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமை மாலை நாங்கள் சிலர் கூடும் சைவ சித்தாந்த வகுப்பிலும் இதே கேள்வி நாக்கு நுனிவரை வந்து நிற்கும். மகனுக்கு வேலை அமையவில்லை, மகளுக்கு வரன் தட்டிப்போகிறது, கடை ஓடவில்லை. "எல்லாம் பிராரத்தம்மா" என்று யாராவது பெருமூச்சு விடுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். வினைக்கோட்பாட்டை மறுக்க நான் அங்கே போகவில்லை. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. என் சந்தேகம் வேறு: நடந்த ஒன்றை விதி என்று முடிவுகட்ட எவ்வளவு ஆதாரம் வேண்டும்? ஒரு முறை பொறுக்க முடியாமல், மகனைப் பற்றிச் சொன்ன அம்மாவிடம், "தம்பி எத்தனை இடத்துக்கு எழுதிப் போட்டாரு?" என்று கேட்டுவிட்டேன். மூன்று என்றார்.

இந்தக் கேள்வி எனக்குள் முளைத்தது .22 ரிம்ஃபயர் தோட்டாவால்.

1887இல் அமெரிக்காவில் உருவான தோட்டா அது. கட்டைவிரல் கணு அளவுதான் இருக்கும். பெரிய ரகத் துப்பாக்கி சுடுகிறவர்கள், சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில், தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை அளந்து வைத்து, தங்கள் துப்பாக்கிக்கு ஏற்றபடி செய்துகொள்வார்கள். ரிம்ஃபயரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பித்தளை உறையின் அடிவிளிம்பு உள்ளே குழலாக இருக்கும். அடிபட்டால் தீப்பற்றும் கலவையை ஈரப்பதத்தோடு உறைக்குள் இட்டு, உறையைச் சுழற்றி, அந்த விளிம்புக்குள் பரவவிடுகிறார்கள். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்போது அது பற்றுகிறது. கலவை சுற்றிலும் சீராகப் பரவியதா, ஏதாவது ஓர் இடத்தில் மெலிந்துவிட்டதா என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. எங்கோ, யாரோ, என்றோ நிரப்பியது ஐம்பது ஐம்பதாகப் பெட்டியில் நம் கைக்கு வருகிறது.

அந்தக் கலவையில் சின்ன ஏற்றத்தாழ்வு இருந்தால் வேகம் மாறும். நல்ல போட்டித் தோட்டா நொடிக்கு 320, 330 மீட்டர் வேகத்தில் 2.6 கிராம் ஈயத்தை வெளியே தள்ளும். ஒலியின் வேகத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். ஒலியைத் தாண்டிப் புறப்பட்ட குண்டு, வழியில் வேகம் தணிந்து திரும்ப ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது தடுமாறும். நம் ஊர் 32 டிகிரி வெயிலில் ஒலியே நொடிக்கு 350 மீட்டர் போகும் என்பதால் இந்த விஷயத்தில் மட்டும் வெயில் நமக்கு நல்லது செய்கிறது. ஆனால் ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் வந்தால்? 50 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ விழும். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். 100 மீட்டரில் அந்த வித்தியாசம் 3 சென்டிமீட்டர் ஆகும். 200 மீட்டரில் பத்து சென்டிமீட்டரைத் தாண்டும். சுட்டவர் மூச்சை அடக்கியதிலோ விசையை அழுத்தியதிலோ ஒரு குறையும் இருந்திருக்காது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் பெலாரஸின் செர்கேய் மார்த்தினோவ் தகுதிச் சுற்றில் 60 குண்டுக்கு 600 எடுத்தார். அதே போட்டியில் இந்தியாவின் ஜாய்தீப் கர்மாகர் நாலாவதாக வந்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் 1.9 புள்ளி இடைவெளி. அந்த 1.9 யாருடையது? கையினுடையதா, காற்றினுடையதா, விளிம்புக்குள் பரவிய கலவையினுடையதா? இதற்கு விடை சொல்லத் துணிபவரை நான் நம்பமாட்டேன்.

அதனால்தான் தீவிரமாகச் சுடுகிறவர்கள் பிராண்டோடு நின்றுவிடாமல் லாட்டை, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியை, பார்க்கிறார்கள். ஈலி டெனெக்ஸ், லாப்புவா, ஆர்.டபிள்யூ.எஸ். எல்லாமே நல்ல பெயர்கள்தான். ஆனால் ஒரே பெயர், ஒரே விலை, ஒரே நிறப் பெட்டியில் வரும் இரண்டு லாட் என் துப்பாக்கியில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். நீங்கள் கைவிட்ட லாட் பக்கத்து மேடைக்காரரின் துப்பாக்கியில் தேனாக ஓடும். சுடும்போது பேரல் அதிர்கிறது. முனை நூலிழை அளவு ஏறி இறங்குகிறது. மெதுவான குண்டு, முனை கொஞ்சம் ஏறியிருக்கும் நொடியில் வெளியேறினால், வேகக் குறைவை அந்த ஏற்றம் ஈடுகட்டிவிடும். ஒவ்வொரு பேரலின் அதிர்வும் தனி. அதிலும் 50 மீட்டரில் கச்சிதமாக ஈடுகட்டியது 200 மீட்டரில் ஈடுகட்டாது. ஆக, எந்தத் தோட்டா நல்லது என்று கேட்பதில் பொருளில்லை. இந்தப் பேரலுக்கு, இந்தத் தூரத்துக்கு எது என்றுதான் கேட்க முடியும். வினை சடம், அது தானாக ஆளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளாது, கூட்டிவைக்க ஒருவன் வேண்டும் என்பது சித்தாந்தம். லாட்டும் அப்படித்தான் சடமாகக் கிடக்கிறது. கூட்டிவைக்கிற வேலை இங்கே நம் தலையில்.

எப்படிக் கூட்டுவது? ஐந்து குண்டு சுட்டுப் பார்ப்பார்கள். ஐந்தும் ஒரே ஓட்டை போல விழுந்தால் "இதுதான் நம்ம லாட்" என்று ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். அதே லாட்டில் அடுத்த ஐந்து முதல் கூட்டத்தைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்குச் சிதறுவது சர்வ சாதாரணம். அதில் தோட்டாவின் குற்றம் எதுவும் இல்லை. ஐந்து என்ற எண்ணிக்கை அவ்வளவுதான் சொல்லும். எங்கள் தொழிற்சாலையில் ஒரு கையுறைக்குள் ஆயிரம் மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து விரலிடுக்குகளைப் பார்ப்போம். ஒரு லாட்டுக்கு ஐந்து கையுறை பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அட்டவணை சொல்கிற எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருக்கும். மாதிரி சிறியதாக இருந்தால் நல்ல லாட்டும் தோற்கும், ஓட்டை லாட்டும் ஏற்றுமதியாகும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. பத்தில் ஒரு குண்டு விலகிப் போனால், "அது என் தப்பு, கணக்கில் சேர்க்க வேணாம்" என்று அடித்துவிடும் பழக்கம். பெருந்தன்மை போலத் தெரியும். ஆனால் பிடித்த லாட்டில் விலகியதைத் தன் தப்பு என்பார்கள். பிடிக்காத லாட்டில் விலகினால் தோட்டாவின் தப்பு என்பார்கள். ஒரே நோட்டுப் புத்தகத்தில், ஒரே கையெழுத்தில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒப்பப் பார்க்கும் நிலையை இருவினையொப்பு என்று வகுப்பில் படித்தபோது, அது துறவிகளுக்கான பெரிய சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். விலகிய குண்டை நடுவில் விழுந்த குண்டோடு ஒரே வரிசையில் எழுதிவைக்க வேண்டும் என்று சுபாங் சுடுதளத்து மேஜையில் உட்கார்ந்திருந்தபோதுதான், அது எவ்வளவு கைவேலை என்று தெரிந்தது. மனசு ஒப்பாமல் அளவுகோல் நேராக நிற்காது.

வகுப்பு எடுப்பவர் யாழ்ப்பாண வழியில் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். அம்பறாத்தூணியில் கிடப்பது சேர்ந்த வினையான சஞ்சிதம், நாணில் பூட்டியது இப்போது செய்யும் வினையான ஆகாமியம், விட்டுவிட்ட அம்பு அனுபவித்தே தீரவேண்டிய பிராரத்தம் என்று அவர் விளக்கினார். சங்கரர் பெயரில் வழங்கும் விவேகசூடாமணியிலும் விட்ட அம்பு வருகிறதாம்: புலி என்று நினைத்து எய்தவனுக்கு, அது பசு என்று பிறகு தெரிந்தாலும் அம்பு நிற்பதில்லை. (சித்தாந்த வகுப்பில் வேதாந்த உவமையா என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது; ஐயா கண்டுகொள்ளவில்லை.) நான் எழுந்து, "ஐயா, வில்லாளி தன் அம்பைத் தானே செய்றான். என் தோட்டாவை ஜெர்மனியில யாரோ நிரப்புறாங்க. அந்த வினை எப்படி என்னுடையதாகும்?" என்றேன்.

"போன பிறவியில தூணியை நிரப்பினது நீர்தான் எண்டு இப்ப உமக்கு ஞாபகம் இருக்கே, பிள்ளை?" என்றார்.

இல்லைதான். மறந்துபோன நானும் முகம் தெரியாத தொழிலாளியும் எனக்கு ஒரே தூரத்தில்தான் நிற்கிறோம். வந்த பெட்டியைத் திறந்து சோதிப்பதைத் தவிர இரண்டு இடத்திலும் செய்வதற்கு வேறில்லை. பக்கத்து மேடையில் சுடும் மலாய் நண்பர் இதைத் தன் வழியில் சொல்வார்: "இக்தியார் டுலு, காக். லெப்பாஸ் து தவக்கல்." முதலில் உன் முயற்சி, அப்புறம் ஆண்டவனிடம் ஒப்படை, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் சொன்னதையும் சேர்த்துக்கொள்வார். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் கொடுத்து, ஊழையே புறமுதுகு காட்ட வைக்கலாம் என்று ஆள்வினையுடைமையில் சொன்னதை முரண்பாடு என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊழ் வலியது என்று நிஜமாகவே நம்புகிறவன்தான் அதை அளந்து பார்க்க மெனக்கெடுவான்.

அளந்து பார்க்கக் காசு வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லாப்புவாவின் ரிம்ஃபயர் தோட்டா ஜெர்மனியின் ஷோனெபெக்கில் தயாராகிறது; துப்பாக்கியை அங்கேயே கொண்டுபோய், லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, பிடித்ததை மொத்தமாக வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். போலீஸ் பெர்மிட்டில் எழுதிய எண்ணிக்கைக்குள், கடைக்காரர் வரவழைத்ததை வாங்கும் என் போன்றவர்களுக்கு இருப்பதில் நல்லது எது என்பது மட்டும்தான் கேள்வி. பிடித்த லாட்டும் ஒரு நாள் தீரும். தீர்ந்தால் அதே லாட் மறுபடி வராது. திரும்ப முதலிலிருந்து.

காசு என்றதும் அம்மா நினைவு வருகிறது. காப்பார் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கணக்கில் கெட்டிக்காரி, தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டார். "என் தலையெழுத்து" என்பார். அவருடைய லயத்தில் அவர் வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருமே அதே வகுப்போடு நின்றார்கள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். என் வேலையில், ஒரு லாட்டுக் கையுறைகள் அத்தனையும் ஒரே விரலிடுக்கில் ஒழுகினால் நாங்கள் கையுறையைக் குறை சொல்வதில்லை. அச்சைப் பார்ப்போம், அடுப்பைப் பார்ப்போம், அந்த ஷிஃப்டில் யார் தொட்டியைக் கலக்கினார்கள் என்று பார்ப்போம். அம்மாவின் லயத்தில் யாரும் அச்சைப் பார்க்கவில்லை.

இதை ஐயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்ப, நிர்வாகத்தின்ர ஆகாமியத்தை உங்கட ஆக்கள் தங்கட பிராரத்தம் எண்டு எழுதிப்போட்டினம்" என்றார்.

"அந்த ஆகாமியத்துக்குப் பலன் அடுத்த பிறவியிலதானே ஐயா வரும்? அதுவரைக்கும் காத்திருக்கணுமா?"

"ஆர் காத்திருக்கச் சொன்னது? 54ஆம் ஆண்டு பி.பி. நாராயணன் ஆக்கள் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் வைச்சது என்னத்துக்கு, பிராரத்தத்தை அனுபவிக்கவோ?"