மூன்றரை நங்கூரம்

அந்தப் பெட்டியின் மூடியில், வலது மூலையில், ஐந்து குட்டி நங்கூரங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. மூன்று கறுப்பு. இரண்டு வெறும் கோட்டுருவம். உள்ளே இருக்கும் மரக்கப்பலைக் கட்டி முடிப்பது எவ்வளவு சிரமம் என்று வாங்குகிறவனுக்குச் சொல்லும் குறி அது. ஐந்துக்கு மூன்று, நடுத்தரம். எட்டு மாதம் இன்னொரு வீட்டில் இருந்துவிட்டு அந்தப் பெட்டி என்னிடம் திரும்பி வந்தபோது, நான்காவது நங்கூரத்தில் பாதி பென்சிலால் நிரப்பப்பட்டிருந்தது.

கிறுக்கல் என்று ஒதுக்க முடியவில்லை. கோட்டைத் தாண்டி ஓர் இழை வெளியே போகவில்லை. இடது கொக்கி முழுக்க நிரம்பி, நடுத்தண்டில் வந்து நின்றிருந்தது. அதற்கப்பால் வெள்ளை.

விஷயம் இவ்வளவுதான். இதற்காக ஒருவனுக்கு மூன்று வாரம் தூக்கம் கெடுமா என்றால், எனக்குக் கெட்டது.

தம்பி மகனுக்கு பெங்களூரில் வேலை. திடீரென்று ஒருநாள் அந்த வேலை இல்லை என்று ஆகிவிட்டது. தூத்துக்குடிக்கு வந்து தம்பி வீட்டு மாடியறையில் இருந்தான். மேற்கொண்டு நான் எதுவும் விசாரிக்கவில்லை. ஒரு சாயங்காலம் போன் செய்தான்.

"பெரியப்பா, நீங்க மரத்துல கப்பல் செய்யுதீங்கள்லா, அது ரொம்பக் கஷ்டமா?"

"ஒரு கஷ்டமும் இல்லடே. பொறுமையா இருந்தாப் போதும். நேரமும் போயிரும்."

பெட்டி அப்போது என் மேஜையில்தான் இருந்தது, எனக்கென்று வாங்கி வைத்தது. அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டு மாதம் கழித்து, சென்னைக்கு ஏதோ வேலையாக வந்த தம்பி அதைக் கொண்டுவந்து வைத்தான். "உங்ககிட்டயே குடுத்திரச் சொன்னாம்ணே" என்றான். அப்புறம் மழையைப் பற்றிப் பேசினோம்.

கப்பலின் பெயர் பீகிள். 1820-இல் லண்டனையொட்டிய வூலிச் துறையில் கட்டியது. 90 அடி நீளம், பத்துப் பீரங்கி. அந்த ரகத்தில் நூற்றுக்கும் மேல் கட்டித் தள்ளினார்கள். அவற்றில் பல கடலோடு போய்விட்டதால் மாலுமிகள் அந்த ரகத்துக்கே சவப்பெட்டி என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பீகிள் தப்பியது. 1831 முதல் 1836 வரை டார்வினைச் சுமந்துகொண்டு உலகைச் சுற்றி வந்தது. அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் உடல் மட்டும் ஒரு முழம் வரும்.

அந்த ஒரு முழத்தில் வம்பு பிடித்த இடம் அணியம். சில கப்பல்களின் முன்பக்கம் கத்தி மாதிரி கூராக இருக்கும். பலகை தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பீகிளுக்கு அது தேங்காய் மூடி மாதிரி உருண்டை. ஒன்றரை மில்லிமீட்டர் கனமும் ஐந்து மில்லிமீட்டர் அகலமும் உள்ள பலகைக் கீற்றை வெந்நீரில் ஊறவைத்து, சூடு காட்டி, கிட்டத்தட்ட மூலை திருப்புகிற மாதிரி வளைக்க வேண்டும். வளைத்தால் மட்டும் போதாது. கப்பலின் வயிற்றுச் சுற்றளவைவிட மூக்கருகே சுற்றளவு குறைவு. ஒவ்வொரு கீற்றையும் முனையை நோக்கிச் சீவிச் சீவி ஒடுக்கினால்தான் எல்லாம் அங்கே இடம் பிடிக்கும். இதற்குக் குறிப்புப் புத்தகத்தில் ஒன்றரை வரி. பீரங்கிக்குக் கறுப்புப் பூச ஒரு முழுப் பக்கம்.

நங்கூரக் கணக்கை நான் என்றைக்குமே நம்பியதில்லை. ஒரு கம்பெனியின் மூன்று இன்னொரு கம்பெனிக்கு ஐந்து. 1628-இல் ஸ்டாக்ஹோமில் முதல் பயணத்திலேயே கவிழ்ந்த வாசா கப்பலை 1961-இல் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்தார்கள். அதில் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டு கோல்களில் ஓர் அடிக்கு 12 அங்குலம், அது ஸ்வீடன் கணக்கு. மற்ற இரண்டில் 11, அது ஆம்ஸ்டர்டாம் கணக்கு. ஒரே கப்பலில் வேலை பார்த்தவர்கள், ஆளுக்கொரு அடி. இதைப் படித்த அன்று இந்தப் பெட்டிகளின் நங்கூரங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

அதுவும் போக, சிரமம் என்பது ஒரே சரக்கா? பெரிய மூன்று பாய்மரக் கப்பலில் மாலுமிகள் ஏறுவதற்கான கயிற்று ஏணிகளுக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல் முடிச்சுப் போட வேண்டியிருக்கும். பத்தாவது முடிச்சிலேயே கைக்குப் பழகிவிடும். மீதி எல்லாம் வெறும் எண்ணிக்கை. ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போடலாம். அணியத்துப் பலகையோ கால் மணி நேர வேலை. ஆனால் அந்தக் கால் மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். டப்பென்று ஒடிந்தால் வேறு கீற்று எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே வரிசை நங்கூரத்தில் எப்படிப் போடுவது? இதையெல்லாம் அவனிடம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது "ஒரு கஷ்டமும் இல்லடே."

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் தெருவில் ஓர் ஓடாவி இருந்தார். தோணி கட்டும் தச்சரை எங்கள் ஊரில் ஓடாவி என்போம். உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் மாமா. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகள் கடற்கரை மணலில் எலும்பும் கூடுமாக நிற்கும். ஏரா என்கிற அடிமரம் வைத்து, வங்கு என்கிற விலா மரங்களை நிறுத்தி, பலகை அறைவார்கள். காகிதம், வரைபடம் எதையும் நான் அங்கே பார்த்ததில்லை. வங்குக்கு மரம் வந்து இறங்கினால் மாமா ஒவ்வொரு கோணல் கிளையையும் காலால் புரட்டிப் பார்ப்பார். இது அணியத்துக்கு, அது நடுவுக்கு என்று கையை நீட்டுவார். நேரான மரத்துக்கு அங்கே மதிப்புக் குறைவு. கணக்குப் பரீட்சையில் கோணலாகப் போய்க்கொண்டிருந்த எனக்கு அந்த இடம் பிடித்துப்போனதற்கு அது காரணமாக இருக்கலாம்.

ஒரு மே மாத லீவில் அவரிடம் போய், எனக்கும் வேலை கொடுங்கள் என்று நின்றேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் தட்டி அடைக்கிற வேலை, கலப்பத்து என்பார்கள், அதில் ஒரு முழ நீளத்தைக் காட்டி, செய் என்றார். மரச்சுத்தியல் கனம். திரி ஒரு பக்கம் உள்ளே போனால் மறுபக்கம் எழுந்து நிற்கும். ஆனாலும் அரை மணியில் முடித்துவிட்டேன். பக்கத்தில் ஒரு பெரியவர் அதே அளவு இடத்தைக் காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார்.

மாமா வந்து குனிந்து பார்த்தார். "எப்படி இருக்கு தம்பி சோலி?"

"ஈசிதான் மாமா."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப ஒழுகும்" என்றார். உளியைக் கொடுத்து எல்லாத் திரியையும் நோண்டி எடுக்கச் சொன்னார். எடுக்கத்தான் அந்தச் சாயங்காலம் முழுக்கப் போனது. குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சுகிற வாடை இன்றைக்கும் எங்காவது வந்தால் எனக்கு உள்ளங்கை எரிகிறது.

அவர் கணக்கில், செய்தவன் சுலபம் என்று சொன்னாலே அந்த வேலையில் கோளாறு. அறுபது வருஷமாக இதைப் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். தம்பி மகன் கேட்டபோது மட்டும் ஏன் ஞாபகம் வரவில்லை?

ஒருவேளை, நான் அப்போது கப்பலைப் பற்றியே பேசவில்லையோ என்னவோ. நேரம் போயிரும் என்றேனே, அந்த வார்த்தையை இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நெப்போலியன் காலத்துப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்களை இங்கிலாந்தில் வருஷக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். பீட்டர்பரோ பக்கம் நார்மன் கிராஸ் என்ற இடத்தில் அதற்கென்றே ஒரு முகாம், 1797-இல் தொடங்கியது. கைதிகள், சாப்பாட்டில் வந்த மாட்டெலும்பையும் ஆட்டெலும்பையும் சேர்த்து வைத்துச் சீவி, பலகையாக இழைத்து, போர்க்கப்பல் மாதிரிகள் செய்தார்கள். பாய்மரக் கயிற்றுக்குத் தலைமுடி. சிலவற்றில் ஒரு நூலை இழுத்தால் பீரங்கி வரிசை முழுவதும் உள்ளே போய்விடும். அவற்றின் படங்களைப் பல வருஷமாகப் பார்த்து வாய்பிளந்திருக்கிறேன். அந்தக் கப்பல்களுக்கு எத்தனை நங்கூரம் போடுவது? மரத்தில் செய்யவே கை நடுங்கும் எனக்கு அது பத்துக்குப் பத்து. அவர்களுக்கோ நேரத்துக்குப் பஞ்சமில்லை, முடிக்க அவசரமுமில்லை. செய்ததை முகாம் வாசல் சந்தையில் விற்றுக் காசும் பார்த்தார்கள். மாடியறையில் உட்கார்ந்திருந்தவனிடம் நான் கொடுத்தது கைதியின் பொழுதுபோக்கு. காசும் வராத ஒன்று. அப்படித்தான் அவனுக்குப் பட்டதோ?

பெட்டியைத் திறக்கவே எனக்கு மூன்று நாள் ஆனது. உள்ளே அரைகுறைக் கப்பல் செய்தித்தாளில் சுற்றப்பட்டிருந்தது. இடது பக்கம் ஒன்பது பலகை. வலது பக்கம் எட்டு. இந்தப் பக்கம் ஒன்று ஒட்டினால் அந்தப் பக்கம் ஒன்று ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஏரா முறுக்கிக்கொள்ளும். இடது ஒன்பதாவதை ஒட்டிவிட்டு அவன் எழுந்துபோயிருக்கிறான்.

டார்ச் அடித்து அணியத்தைப் பார்த்தேன். விரலால் தடவினேன். பலகைகளுக்கு நடுவில் நகம் நுழையவில்லை. ஒவ்வொரு கீற்றும் முனையில் ஒரே அளவாக ஒடுங்கி, தேங்காய் மூடி வளைவில் வரிவரியாக இறங்கியிருந்தது. முதல் கப்பல் கட்டுகிறவனின் வேலையே இல்லை. நேராகச் சொன்னால், என்னுடைய வேலையைவிட நல்ல வேலை.

அப்போதுதான் மக்கு ஞாபகம் வந்தது. இந்த வகைக் கப்பலுக்கு இரண்டு சுற்றுப் பலகை. முதல் சுற்று மட்டமான வெளிர்மரம். அதன்மேல் அரை மில்லிமீட்டர் கனத்தில் நல்ல மரத்தை ஒட்டி மூடிவிடுவோம். முதல் சுற்றில் இடுக்கு, மேடு பள்ளம் எது இருந்தாலும், மரத்தூளையும் பெவிக்காலையும் குழைத்து மக்கு வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் தீர்ந்தது. என் வீட்டு ஷோகேஸில் நிற்கும் ஐந்து கப்பல்களில் எதன் மேல்தோலை உரித்தாலும் பாதி மக்குதான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, எல்லோரும் செய்வது. இவை தண்ணீரைத் தொடப்போவதும் இல்லை, ஒழுகி என்னைக் காட்டிக்கொடுக்கப்போவதும் இல்லை. ஆனால் கஷ்டமில்லை என்று சொன்னவன், மக்கு வைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதை நான் மறைக்கவில்லை, மறந்திருந்தேன். மூடிய பிறகு எனக்கே அது தெரிவதில்லை. ஐந்து கப்பல் முடித்தவன் என்ற தெம்பில் பேசியவன், அந்த ஐந்தும் எதனால் முடிந்தன என்று யோசிக்கவில்லை. அவன் ஒவ்வொரு பலகையையும் அதுதான் கடைசித் தோல் என்று நினைத்துக்கொண்டு ஒட்டியிருக்கிறான். இதுதான் கஷ்டமில்லாத வேலை என்றால் கஷ்டமான வேலை எப்படி இருக்கும் என்று எந்த ராத்திரியிலாவது அவனுக்குத் தோன்றியிருந்தால்?

அந்த அரை நங்கூரத்தை அப்படித்தான் படித்தேன். முதலில் அது ஒரு புகார். அடுத்த நாள், கணக்கில் கெட்டிக்காரன் ஆயிற்றே, துல்லியமாக மூன்றரை என்று திருத்தியிருக்கிறான் என்று பட்டது. இன்னொரு நாள், நிரப்ப ஆரம்பித்துப் பாதியில் அதையும் விட்டுவிட்டானோ என்று வயிற்றைப் பிசைந்தது.

போன மாதம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். ஹைதராபாத்தில் வேலையாம். முகம் தெளிவாக இருந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஏன் விட்டுட்ட என்று கேட்டேன்.

"வேலை கெடைச்சிட்டு பெரியப்பா, அதான்."

"இல்லடே, அந்த நங்கூரம்…"

"எந்த நங்கூரம்?"

போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். சாம்பார்க் கை படாமல் இடது கையால் பெரிதாக்கிப் பார்த்தான். "நான் இல்லையே. நீங்க தரும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது பாயசம் வந்தது. அதைப் பார்த்தானா, என்னைத் தவிர்த்தானா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள். "போன் பேசும்போது உங்க கை சும்மா இருக்குமா? அந்தக் காலண்டரைப் பாருங்க." பார்த்தேன். மாதா மாதம் 6, 8, 9 எல்லாவற்றின் வயிறும் பென்சிலால் அடைக்கப்பட்டிருந்தது, கோட்டைத் தாண்டாமல். இந்தப் பழக்கம் எனக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் அவன் போன் செய்தபோது பெட்டி என் முன்னால் இருந்ததும் உண்மை. கஷ்டமில்லடே, கஷ்டமில்லடே என்று எத்தனை தடவை சொன்னேனோ. ஆனால் காலண்டரைப் பன்னிரண்டு மாதமும் புரட்டிவிட்டேன். பாதியில் நின்றது ஒன்றுகூட இல்லை.

கப்பல் இப்போது மேஜையில் தலைகீழாக இருக்கிறது. வலது ஒன்பதாவது பலகையை ஊறவைத்து, வளைத்து, ஆணியில் நிறுத்திக் காயவைத்துப் பத்து நாளாகிறது. முனையில் அரை மில்லிமீட்டர் இடுக்கு விழுகிறது. மக்கு வைத்தால் மறைந்துவிடும். அவன் செய்த பக்கம் அப்படி ஒரு இடுக்கு இல்லை. இன்னும் ஒட்டவில்லை.