கதிர்காமம் போகுமுன் காலைப் பழக்குவோம்

போன தைப்பூசத்துக்கு லாபுவிலிருந்து கோலாலம்பூர் போய், ரதத்தோடு வெறுங்காலில் பத்துமலை வரை நடந்தேன். "பக்தி இருந்தா கால் வலிக்காதுடா" என்று நண்பர்களிடம் அளந்துவிட்டுப் போனவன் நான். 272 படி ஏறி இறங்கியபோது இரண்டு பாதத்திலும் கொப்புளம். ஒரு வாரம் வகுப்புக்கு நொண்டிக்கொண்டே போனேன். முருகன் மேல் குறை சொல்ல முடியுமா? ஒருநாள்கூடப் பழக்காத காலைத் தார்ச்சாலையில் இறக்கியது நான்தானே.

இப்போது மனம் கதிர்காமப் பாதயாத்திரையில் இருக்கிறது. இலங்கையின் வடக்கே தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குப் பக்கமாகவே இறங்கி, உகந்தை முருகனைக் கும்பிட்டு, குமண, யால காடுகள் வழியே கதிர்காமம் சேர்வார்கள். நாங்கள் நினைத்திருப்பது உகந்தையிலிருந்து காட்டுவழி மட்டும். அதிலேயே மணல், முள், வெயில் மூன்றும் உண்டு.

மணலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் 2 மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். நாம் காலை ஊன்றித் தள்ளும்போது மணலும் நகர்ந்துவிடுகிறது. பாதி உழைப்பு அதற்கே போகும். குதிகால் புதையப் புதைய, கெண்டைக்கால் இழுபடும்.

அதனால் முதல் இரண்டு வாரம் காலையில் செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் 15 நிமிடம் மட்டும் வெறுங்காலோடு நடந்தேன். பிறகு சனிக்கிழமைகளில் போர்ட்டிக்சன் கடற்கரை. முதலில் ஈர மணல், கால் தேறிய பிறகே காய்ந்த மணல். கடலோரம் சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே நிற்கும். அதே வழியில் திரும்பி நடந்தால் மற்றக் காலுக்கும் பங்கு கிடைக்கும். வீட்டில் படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவேன். இரவில் காலைக் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, பாதத்துக்கு நல்லெண்ணெய். தோல் தடிக்கணும், ஆனால் வெடிக்கக் கூடாது. பால்மரம் வெட்டிய என் பாட்டி இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிறார்: "நாங்க என்ன பயிற்சி எடுத்தாடா தோட்டத்துல நடந்தோம்?"

அப்பாவும் வருகிறேன் என்றார். அவருக்குப் பல வருஷமாக இனிப்பு நீர். ஒரு நாள் கண்ணை மூடச் சொல்லி, சாமி விளக்குத் திரியால் அவர் உள்ளங்காலைத் தடவினேன். "எப்படா தொடப் போற?" என்று கேட்டார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. கிளினிக்கிலும் சோதித்துவிட்டு, உணர்ச்சி குறைந்த காலோடு வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்க வேண்டாம் என்றார்கள்.

அப்பா கேட்கவில்லை. "அப்பர் சாமி கால் தேஞ்சும் கையிலாயத்துக்குத் தவழ்ந்து போகலையா? நேர்த்திக்கடன் எனக்கும் முருகனுக்கும் நடுவுல உள்ளது" என்றார். பெரிய புராணத்தை எடுத்து அந்த இடத்தை இருவரும் படித்தோம். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பும் நைந்து கிடந்த அப்பரை இறைவன் மேலும் தவழவிடவில்லை. முதலில் அவர் உடம்பைத் தேற்றினார். பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சி தந்தார். "அப்பா, சாமி முதல்ல சரிபண்ணது காலைத்தானே?" என்றேன். பதில் வரவில்லை. அன்றிரவு என்னிடம் பேசவும் இல்லை.

சனிக்கிழமை விடியுமுன் வாசலில் உட்கார்ந்து கேன்வாஸ் காலணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கல், முள் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்த பிறகுதான் போட்டார். "முருகன் கேட்டா, பையன்தான் சொன்னான்னு சொல்லிடுவேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் போர்ட்டிக்சன் போகிறோம். வெயில் ஏறுமுன் முடித்துவிடுவோம். வருகிறவர்கள் தண்ணீர், துண்டு, முள் எடுக்கும் இடுக்கி கொண்டு வாருங்கள். வீட்டில் இனிப்பு நீர் உள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்து வரலாம், காலணியோடு. அப்பாவுக்கும் பேச்சுத் துணை வேண்டும்.