எள்ளலின் அறம்

நூலைப் போற்றுதல் வேறு; நூலுக்கு அஞ்சுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கும் வழக்கம் தமிழ்ச் சமுதாயத்தில் நெடுங்காலமாக உண்டு. கால் தவறிப் புத்தகத்தில் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளை, அப்புத்தகத்தில் எழுதியிருப்பது பிழை என்று சொல்லத் துணிவதில்லை. சரசுவதி பூசையன்று நூல்கள் அடுக்கப்பட்டுப் பூச்சூட்டப்படுகின்றன. அன்று அவற்றைப் படித்தல் ஆகாது என்பது வழக்கு. போற்றுதல் மிகும்போது படித்தல் நின்றுபோகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறானது நண்பர் கூட்டம். மட்டக்களப்புக்கு வடக்கே, வந்தாறுமூலைக்கு அயலூராய் விளங்குவது சித்தாண்டி. சித்திர வேலாயுத சுவாமி கோயிலால் பெயர்பெற்ற ஊர். அத்தகைய ஊரொன்றில் பள்ளித் தோழர்களாகிய ஆடவர் ஐவர் மாலைவேளையில் ஒரு வீட்டு முற்றத்தில் கூடுகின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் வேளாண்மை செய்பவர், ஒருவர் ஆசிரியர், ஒருவர் எழுதுவினைஞர், ஏனைய இருவர் தொழில் தேடுவோர். மாதம் ஒரு நூல் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. முழுவதும் படியாமல் வந்தவர் அன்றைய தேநீர்ச் செலவை ஏற்கவேண்டும் என்பது துணைவிதி. கவியரசர் முதல் கலாநிதி வரை எல்லாப் பட்டங்களும் செருப்போடு வாசலிலேயே கழற்றி வைக்கப்படும். புகழ்பெற்ற நாவலின் கதைத்தலைவனுக்குப் பட்டப்பெயர் சூட்டப்படும். பரிசு பெற்ற கவிதை ஒப்பாரி மெட்டில் பாடப்படும். வீதியிற் செல்வோர் கேட்பது சிரிப்பொலி மட்டுமே. இவ்வெள்ளல் அறத்தின்பாற்படுமா, படாதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

எள்ளலை இழிவென ஒதுக்குவோர் தொல்காப்பியத்தை ஒருமுறை நோக்குதல் நலம். மெய்ப்பாடுகளுள் முதலில் வைக்கப்பட்டது நகை. நகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் முதலில் வைக்கப்பட்டது எள்ளல். அதற்கு உரைகண்ட பேராசிரியர் எள்ளலை இருவகையாகப் பகுப்பர். தான் பிறரை எள்ளி நகுதல் ஒருவகை. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதல் மற்றொரு வகை. இப்பகுப்பு இலக்கணச் செய்தியாக மட்டும் நின்றுவிடாமல், அறச்செய்தியொன்றையும் உள்ளடக்கி நிற்கின்றது. பிறரை நோக்கி நகுவோன் தன்னை நோக்கி எழும் நகைப்பையும் ஏற்கவல்லன் எனின், அவன் எள்ளல் நேர்மையுடையது. முதலாவதை மட்டும் பயின்று இரண்டாவதை அறியாதவன் எள்ளல் வெறும் வசையே.

தமிழ் மரபு போற்றிய எள்ளல்கள் யாவும் இவ்வளவைக்கு நின்றுபிடிப்பன. தருமிக்கு இறைவன் அளித்த பாட்டிற் குற்றங்கண்ட நக்கீரர் கதை, பாடியவர் முன்னிலையிலேயே நிகழ்வது. கண்ட குற்றத்தின் விளைவை அவர் தம் உடலாலேயே ஏற்கின்றார். சுந்தரமூர்த்தி நாயனாரோ மணப்பந்தலில் வந்து வழக்காடிய முதியவரைப் பித்தன் என வைதார். அவ்வன்மொழியின் பொருட்டு அவருக்கு வன்றொண்டர் எனப் பெயர் வழங்கியது. அவரே தம்பிரான் தோழர் எனவும் போற்றப்பட்டார். வசையும் தோழமையும் ஒருவரிடத்தே ஒருங்கு நிற்றல் கருதத்தக்கது. நண்பர்க்குள் உரிமை பற்றிச் செய்யப்படும் மீறலைக் கெழுதகைமை எனப் பெயரிட்டு, அதனை நட்பின் உறுப்பாகவே வள்ளுவர் வைத்தார். ஆனால், நட்பு சிரித்துப் பொழுதுபோக்குதற்கு மட்டும் அன்று, நெறி கடந்தவிடத்து இடித்துரைத்தற்கும் ஆகும் என்று வரம்பிட்டவரும் அவரே.

அண்மைக் காலத்தில் இவ்வகைக் கூட்டத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு திருநெல்வேலி வட்டத்தொட்டி ஆகும். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882 - 1954) வண்ணார்பேட்டையிலிருந்த தம் வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்களைக் கூட்டிவைத்துக் கவிதை படித்தார். கூடிய இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராயிற்று. தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி எஸ். மகராஜன் முதலானோர் அங்கு உருவான சுவைஞர்கள். அங்கே தலைவர் உரை இல்லை, தீர்மானம் இல்லை. ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி இன்புறுதலும், பண்டிதர் உரைகளை நகையாடுதலுமே நிகழ்ந்தன. ரசிகமணியின் துணிவு அம்மட்டில் நிற்கவில்லை. கம்பராமாயணத்தின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுட் பெரும்பாலானவை கம்பர் வாக்கல்ல என்று ஒதுக்கினார். ஏற்ற பாடல்களிலும் தமக்கு ஒவ்வாத சொற்களை மாற்றினார்.

ஏட்டுச் சான்று இன்றிச் சுவை ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட அம்முறை பதிப்புநெறிக்கு ஏலாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நோக்கவேண்டியது வேறொன்று. அவர் தம் முடிவைத் தொட்டிக்கட்டுக்குள் சொல்லிச் சிரித்துவிட்டு வெளியே கம்பனடியைத் தொழுது நிற்கவில்லை. தம் பெயரால் அச்சிட்டார், அறிஞர் மறுத்தனர், மறுப்பைத் தாங்கினார். மட்டக்களப்பில் ஆசிரியராக வாழ்ந்த எஸ். பொன்னுத்துரை 1961 இல் ‘தீ’ நாவலை வெளியிட்டபோதும் நிகழ்ந்தது இதுவே. மீறலும் அவர் பெயரில். அதற்கு வந்த எதிர்ப்பும் அவர் பெயரில்.

வாவிக்கரை மக்களுக்கு இந்நெறி புதிதன்று. கண்ணகி அம்மனின் பொருட்டு இப்பிரதேசத்தில் முற்காலத்தே பரவலாக நிகழ்ந்த கொம்புமுறி விளையாட்டில், ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து நின்றது. வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். கொம்பு முறிந்ததும் வென்ற சேரியார் தோற்ற சேரியார்மேல் வசைபாடுவர். வித்துவான் வி. சி. கந்தையா ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) என்னும் நூலில் இவ்வழக்கங்களைத் தொகுத்துள்ளார். கேட்போர் காது கூசும் வசையையும் ஊர் பொறுத்துக்கொண்டது ஏன்? வையப்படுவோர் எதிரிலேயே நிற்கின்றனர். அடுத்தமுறை வெல்வாராயின் அவர்களும் பாடுவர். எள்ளும் உரிமை இரு சேரிக்கும் பொது. அதனாலேயே வசை வழிபாட்டின் ஓர் உறுப்பாயிற்று.

இனி ஆடவர் மட்டுமே கூடும் வட்டத்துக்கு வருவோம். 1764 இல் இலண்டனில் சாமுவேல் ஜோன்சனும் ஓவியர் ஜோசுவா ரெனோல்ட்சும் தோற்றுவித்த இலக்கியக் கழகம் ஒன்பது ஆடவர்களுடன் தொடங்கியது. அறிவும் நகைச்சுவையும் அங்கு நிறைந்திருந்தன, பெண்கள் இருக்கவில்லை. 1769 இல் எலிசபெத் மொன்டேகு என்னும் அம்மையார் சேக்சுபியரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே ஜோன்சனும் நண்பர்களும் கூடிய ஒரு விருந்தில் அந்நூல் பற்றிய பேச்சு எழுந்தது. ரெனோல்ட்சு அதனைப் பாராட்ட, ஜோன்சன் கடுமையாக எள்ளினார். தாம் அதனை முழுவதும் படிக்கவில்லை என்பதையும் உடனே ஒப்புக்கொண்டார். இச்செய்தியைப் பதிந்தவர் அவருடைய வரலாற்றை எழுதிய பொஸ்வெல். எள்ளியவரோ படிக்கவில்லை, எழுதியவரோ அவ்விடத்தில் இல்லை. சித்தாண்டி முற்றத்து விதிப்படி ஜோன்சன் தேநீர்ச் செலவை ஏற்றிருக்கவேண்டும். ஆனால் அச்செலவோடு தீராத கடன் ஒன்றும் இங்கே உண்டு: மறுமொழி கூறும் இடம் அந்த அம்மையாருக்கு அளிக்கப்படவில்லை.

இக்கடன் மட்டக்களப்பு முற்றத்தில் இன்னும் பெரிதாகின்றது. இப்பகுதித் தமிழரிடையே குடிவழி தாய்வழியாகவே எண்ணப்படுவது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. மணமகன் மனைவியின் வீட்டில் வந்து வாழ்வது பெருவழக்கு. ஆகவே நண்பர் ஐவரும் அமர்ந்து நூலாசிரியர்களைத் தீர்ப்பிடும் அம்முற்றம் பெரும்பாலும் ஒரு பெண்ணின் உடைமை. பாயை விரித்தவள் அவள். தேநீரை ஆற்றியவள் அவள். அன்றைய நாவலின் கதைத்தலைவியைப் பற்றி எழும் நகைப்பும் அடுக்களைக்குக் கேட்கின்றது. அந்நகைப்பு கதைத்தலைவியை மட்டும் குறிப்பதா, தன்னையும் சேர்த்துக் குறிப்பதா என்று அவள் வினவ இயலாது. வீடு அவளுக்குரியது, வட்டம் அவளுக்குரியதன்று. எல்லாப் பட்டங்களையும் வாசலிற் கழற்றிய நண்பர்கள் ஆண் என்னும் பட்டத்தை மட்டும் கழற்ற மறந்துவிட்டனர்.

இதற்கு எதிருரை இல்லாமலில்லை. நண்பர் ஐவர் தமக்குள் சிரித்தற்கு உலகினர் அனைவரையும் அழைக்கவேண்டுமா? அந்தரங்கம் என்பது நட்பின் உயிர் அன்றோ? பெண்கள் விரும்பின் அவர்களும் தமக்கென ஒரு வட்டம் அமைக்கலாமே என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. மூடிய கதவுக்குள்தான் மனிதன் அறியாமையை ஒப்புக்கொள்கின்றான்; ஊரார் போற்றும் நூல் தனக்கு விளங்கவில்லை என்று சொல்லும் துணிவு மேடையில் வாராது; தோழர் நடுவிலேயே வரும். சொன்ன சொல்லை யார் எங்கே கொண்டுபோவாரோ என்று ஊரே அஞ்சி வாழ்ந்த போர்க்காலத்தை நினைப்போர், வெளியே போகாத சொல்லின் அருமையை நன்கு உணர்வர். அக்கதவை உடைத்தல் அறமாகாது.

ஆனால் கதவு மூடியிருப்பது குற்றமன்று. உள்ளே முடிந்த தீர்ப்பு வெளியே வந்து ஆள்வதே குற்றம். சிற்றூரில் வாசகர் வட்டத்தில் இருப்போரே பெரும்பாலும் வாசிகசாலைக் குழுவிலும், பாடசாலை விழாக் குழுவிலும், கோயில் மலர்க் குழுவிலும் இருப்பர். எந்நூலை வாங்குவது, எவரைப் பேச அழைப்பது, எவருடைய கவிதையைத் திருப்பியனுப்புவது என்பன அங்கே ‘கேட்டு’ முடிவாகின்றன. முற்றத்தில் சிரித்தே முடிவாகிவிட்டன என்பது பின்னர்த் தெரியவரும். பெண்ணொருத்தியின் சிறுகதைத் தொகுதி ஒரு பகடியால் ஓரங்கட்டப்பட்டால், அப்பகடிக்கு அவள் எங்கே போய் விடையிறுப்பாள்? தனியுரிமை என்று தொடங்கியது அதிகாரமாய் முடிகின்றது. அதிகாரம் வந்த அளவில் அந்தரங்கம் என்னும் காப்பு நீங்கிவிடவேண்டும்.

வாவியைச் சூழ்ந்த ஊர்களில் வைகாசி தோறும் கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது. கணவனை இழந்த பெண்ணொருத்தி அரசவையில் நின்று, ஆராயாது தீர்ப்பளித்தவன் என அரசனை அவன் முகத்துக்கு நேரே பழித்த கதை அது. தமிழ் இலக்கியத்தில் அதனினும் மரியாதை கடந்த சொல்லை ஆடவர் எவரும் சொல்லியதாகத் தெரியவில்லை. அவள் அழைக்கப்பட்டு வந்தவள் அல்லள். வாயிலோனை விட்டு அறிவித்து நுழைந்தவள். அக்கதையை ஆண்டுதோறும் கேட்டு, அவளைத் தெய்வமாக வைத்துக் குளிர்த்தி செய்யும் மண்ணில், எள்ளல் ஆடவர்க்கே உரியதென்று ஒரு முற்றம் கருதுமாயின் அது தன் வழிபாட்டையே மறந்த முற்றமாகும்.

ஆதலின் வட்டம் கலையவேண்டுவதில்லை. சிரிப்பு அடங்கவும் வேண்டுவதில்லை. நூலை முழுதும் படித்து எள்ளுதல், எள்ளியதைத் தன் பெயரால் வெளியேயும் சொல்லுதல், எள்ளப்பட்டோர் எதிர்வந்து நின்று திருப்பி எள்ளினால் அதற்கும் வாய்விட்டு நகுதல் என்பனவே எள்ளலை அறமாக்குவன. பேராசிரியர் காட்டிய இரண்டாம் வகை நகையே இவற்றுட் கடினமானது. தேநீர் கொண்டுவந்தவள் கிண்ணத்தை வைத்துவிட்டு, “அந்த நாவலை நானும் படித்தேன், நீங்கள் ஐவரும் சிரித்த இடம் பிழை” என்று சொல்லும் மாலையொன்று வரும். அன்று அம்முற்றத்தில் எழுவது நகையா, முகச்சுளிப்பா என்பதைக் கொண்டே அதுகாறும் அங்கே நிகழ்ந்த நகை எத்தகையது என்பது துணியப்படும்.