வெள்ளிமலையிலிருந்து ஒரு விண்ணப்பம்

நாட்டார் வழக்காற்றியலில் முதுகலை படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளையிடம் வீடும் ஊரும் முதலில் கேட்பது, படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்றுதான். கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளை என்றால் அந்தக் கேள்வியின் கனம் இன்னும் கூடும். குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர் நர்சிங்கோ ஆசிரியர் பயிற்சியோ படிக்கட்டும் என்று பெற்றவர்கள் நினைப்பதில் தவறே இல்லை. ஆனாலும் இந்தப் படிப்புக்கு மலைப்பிள்ளைகள்தான் முதலில் போக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கல்வராயன் மலையின் அண்மை வரலாறே பெரும்பாலும் வாய்மொழியில்தான் இருக்கிறது. சமவெளியில் ஜமீன்கள் ஒழிந்த பிறகும் இங்கே மூன்று ஜாகிர்களின் (பரம்பரை நிலக்கிழார்களின்) ஆதிக்கம் 1976 வரை நீடித்தது. நிலம் யார் பெயரில் இருந்தது என்பதை அரசின் கோப்பு சொல்லும். அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தவரின் வீட்டில் இரவுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைச் சொல்லாது. அதை அறிந்தவர்களில் அன்று இருபது வயதில் இருந்தவர்களே இன்று எழுபதை எட்டுகிறார்கள். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றிப் பலரும் இன்றும் மேற்கோள் காட்டுவது எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளைத்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்து வெவ்வேறு மலைகளில் குடியேறிய அண்ணன் தம்பிகளின் கதை அதில் உண்டு. அதைச் சொன்னவருக்குத்தான் பெயர் இல்லை.

உள்ளூர்க்காரருக்குத் தன் ஊர் கண்ணில் படாது, வெளியாள்தான் நடுநிலையோடு பார்ப்பார் என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஊர்க்கவுண்டர் வீட்டுப் பையனிடம் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லிவிட மாட்டார்கள். நாற்று நடும்போது பெண்கள் தங்களுக்குள் பாடுவது ஆண்பிள்ளையின் காதுக்கு வராமலே போகலாம். ஆனால் முறையான படிப்பு சரிசெய்வது இந்தக் குறையைத்தான். ஒரே கதை ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது, யார் முன்னால் சொன்னால் எது மறைகிறது, பாடியவரிடம் சம்மதம் பெறுவது எப்படி, பதிவு செய்த ஒலி யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் வகுப்பில் கற்க முடியும். எந்தப் பாட்டியிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதை வகுப்பில் கற்க முடியாது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை இதை அறிந்திருந்தார். 1964-இல் வந்த அவருடைய ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தனியொருவர் திரட்டியதல்ல; எஸ்.எஸ். போத்தையா, வாழப்பாடி சந்திரன் போன்றவர்கள் திரட்டித் தந்தவையும் அதில் இருக்கின்றன. வாழப்பாடி இந்த மலைக்குச் சேலம் பக்கத்து ஊர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வேலைக் கேள்விக்கு நேர்மையான பதில், இந்தப் படிப்புக்கு வேலையிடங்கள் குறைவு என்பதே. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் நாட்டார் இலக்கியம் தனிப்பாடமாக இருக்கிறது. ஆசிரியப் பணி, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், பழங்குடியினர் நலப் பணி என்று வழிகளும் உண்டு. எதற்கும் உத்தரவாதம் தர முடியாது. அதனால்தான் பொறுப்பை மாணவர் தலையில் மட்டும் ஏற்றுவது அநீதி என்கிறேன். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறைக்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. இந்த நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வெள்ளிமலையிலிருந்து வரும் விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், அந்தப் பிள்ளை யாரிடம் எந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தது என்பதையும் ஒரு தகுதியாக எழுதச் சொல்லுங்கள். உதவித்தொகையைச் சேர்க்கையன்றே கையில் கொடுங்கள். பிள்ளைகளுக்கும் ஒன்று: விண்ணப்பம் ஏற்கப்படும்வரை காத்திருக்காமல், வீட்டில் இருக்கும் பெரியவரிடம் இந்த மாதமே கேட்கத் தொடங்குங்கள்.