பனிவெளியும் பயணியின் கடனும்

வட இங்கிலாந்தின் பெனைன் மலைநாட்டினூடாக, செற்றில் என்னும் சிறுநகரிலிருந்து கார்லைல் நகர்வரை ஒரு புகையிரதப் பாதை செல்கின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 116 கிலோமீற்றர். குளிர்காலத்தில் அப்பாதையிற் பயணஞ் செய்வோன் காணும் காட்சி எளிதில் மறக்கத்தக்கதன்று. மரங்களற்ற மேட்டுநிலங்கள் வெண்பனி போர்த்துக் கிடக்கின்றன. சாந்தின்றிக் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய எல்லைச் சுவர்கள் அவ்வெண்மையின்மீது கரிய கோடுகளாய் மலைச்சரிவெங்கும் ஏறி இறங்குகின்றன. சுவர்களின் ஒதுக்கிலே செம்மறியாடுகள் நெருங்கி நிற்கின்றன. எங்கோ ஒரு பண்ணைவீட்டின் புகை நேராக மேலெழுகின்றது. பெட்டியினுள்ளே இளஞ்சூடு, வெளியே உயிரை உறையவைக்கும் குளிர். இரண்டையும் பிரிப்பது ஒரு கண்ணாடித் தகடு மாத்திரமே.

இக்காட்சியைக் கண்டு மகிழ்வதில் அறவியல் சார்ந்த வினா ஏதேனும் உண்டா? இல்லையென்றே பெரும்பாலோர் கூறுவர். பனி எவருக்கும் சொந்தமானதன்று. அதைப் பார்ப்பதால் எவருக்கும் இழப்பில்லை. பார்ப்பவன் எதையும் எடுத்துச் செல்வதுமில்லை. ஆயின், அவன் இருக்கும் ஆசனத்தை அந்த உயரத்துக்குக் கொண்டு சேர்த்தது எது என்று கேட்டவுடனே விடயம் சிக்கலாகின்றது. அக்காட்சி இயற்கையின் கொடை மட்டுமன்று. மனித உழைப்பின் விளைவுமாகும். அவ்வுழைப்பை அறியாமலே அழகை நுகர்தல் முறையா என்பதே ஆராயப்படவேண்டிய வினா.

இவ்வினாவுக்கு மிக வலிமையான எதிர்வாதத்தை முன்வைத்தவர் ஜேர்மனிய மெய்யியலாளரான இம்மானுவேல் காண்ட். 1790 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தீர்ப்பாற்றல் பற்றிய விமர்சனம்’ என்னும் நூலின் தொடக்கத்திலேயே அவர் ஓர் உதாரணம் தருகின்றார். ஓர் அரண்மனை அழகியதா என ஒருவனிடம் கேட்கப்படுகின்றது. மக்களின் வியர்வையை வீண் ஆடம்பரத்திற் செலவிடும் பெருமக்களின் செருக்கை அவன் ரூசோவைப் போலக் கண்டிக்கலாம். அக்கண்டனம் முற்றிலும் நியாயமானதாகவே இருக்கலாம். எனினும் அது கேட்கப்பட்ட வினாவுக்குரிய விடையன்று என்கின்றார் காண்ட். அழகுபற்றிய தீர்ப்பு பயன்நோக்கற்றது. பொருள் எவருடையது, எவ்வாறு உண்டாயிற்று, எதற்குப் பயன்படும் என்பனவெல்லாம் அத்தீர்ப்புக்குப் புறம்பானவை.

காண்ட் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. துன்பத்தால் ஆனது என்பதற்காக அழகியதொன்று அழகற்றதாகிவிடாது. கொடுங்கோலன் கட்டிய கோபுரத்தின் அளவும் அமைதியும் அவனது கொடுமையாற் குலைவதில்லை. ஆயினும் ஒரு பொருளை அழகியது எனத் தீர்ப்பளிப்பவன் தீர்ப்பளிப்பவனாக மட்டும் வாழ்வதில்லை. அவனே பயணி, அவனே குடிமகன், அவனே பிறர் உழைப்பில் வாழ்பவன். தீர்ப்பைத் தனியே பிரித்தெடுக்கலாம். மனிதனை அவ்வாறு பிரித்தெடுத்தல் இயலாது.

தமிழ் இலக்கண மரபு நிலத்தை நோக்கிய முறை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கின்றது. அதனுடன் நின்றுவிடாது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருளாக எண்ணுகின்றது. அந்நிலத்திற்குரிய மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருள் ஆக்குகின்றது. இப்பகுப்பு செய்யுளியற்றுவோர்க்கு வகுக்கப்பட்டது என்பது உண்மையே. எனினும் அதனுள் ஒரு நோக்கு பொதிந்துள்ளது: தொழில் இல்லாத நிலம் திணையாகாது. அம்மரபிற் பயின்ற ஒருவன் பெனைன் பனிவெளியைப் பார்க்க நேரின், அவன் முதலிற் கேட்கக்கூடியது இந்நிலத்தின் தொழில் யாது என்பதே.

அத்தொழிலின் வரலாறு எழுதப்பட்டேயுள்ளது. மிட்லண்ட் புகையிரதக் கம்பனி ஸ்கொட்லாந்து நோக்கிய போக்குவரத்திற் போட்டிக் கம்பனிகளைச் சாராது இயங்க விரும்பியே இப்பாதையைத் திட்டமிட்டது. 1866 இல் இதற்கான சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. பின்னர் கம்பனியே திட்டத்தைக் கைவிட முயன்றது. 1869 இல் பாராளுமன்றம் அதற்கு இணங்க மறுத்துவிட்டது. அவ்வாண்டிலேயே வேலை தொடங்கியது. 1876 மே 1 ஆம் திகதி பயணிகள் சேவை ஆரம்பமாயிற்று. மண்வெட்டி, கோடரி, வெடிமருந்து, இவற்றோடு ஆயிரக்கணக்கான மனிதரின் கைகள்—பெரும்பகுதியும் இவற்றாலேயே பதினான்கு சுரங்கங்களும் ஏறத்தாழ இருபது பெரும்பாலங்களும் அமைக்கப்பட்டன. அவற்றுட் புகழ்பெற்றது றிபிள்ஹெட் பாலம். 24 வளைவுகளும் 400 மீற்றர் நீளமும் 32 மீற்றர் உயரமுங் கொண்டது. அதன் ஒவ்வோர் ஆறாவது தூணும் ஏனையவற்றினும் தடித்தது. ஒரு தூண் வீழினும் பாலம் முழுவதும் சரிந்துவிடாதிருத்தற்கான ஏற்பாடு அது.

பாலத்தைச் சூழ்ந்த சதுப்பு நிலத்தில் வேலையாட்கள் தம் மனைவி மக்களோடு மரக்குடிசைகளில் வாழ்ந்தனர். அக்குடியிருப்புகளுக்குச் செபஸ்தபோல், இன்கர்மன் என்னும் பெயர்கள் வழங்கின. இரண்டும் கிரைமியப் போர்க்களங்களின் பெயர்கள். 1871 இல் அங்கே பெரியம்மை பரவியது. விபத்தாலும் நோயாலும் இறந்தோர் அருகிலுள்ள சப்பல்-லி-டேல் என்னும் சிற்றூரின் தேவாலய மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டனர். அவர்கள் தொகை 200 இற்கு மேற்பட்டது. அவர்களுட் பெண்களும் குழந்தைகளும் பலர். தேவாலயத்தினுள்ளே ஒரு நினைவுக்கல் உண்டு. உடன் உழைத்த தொழிலாளரும் கம்பனியும் சேர்ந்து செலவேற்று நாட்டிய கல் அது. ஆயினும் அது நினைவுகூர்வது வேலையில் விபத்துக்குட்பட்டு இறந்தோரை மட்டுமே. குடிசையில் அம்மை கண்டு மாண்ட குழந்தை அக்கல்லின் வாசகத்தினுள் அடங்கவில்லை. இன்று பாலத்தைச் சுற்றி வெண்பனி மட்டுமே தெரிகின்றது. குடிசைகள் நின்ற தடங்களும் அதனடியில் மறைந்துவிடுகின்றன.

இவையெல்லாம் முடிந்துபோன கதை எனலாம். ஆயின் பனிவெளியைக் காண்பவன் அடையும் உணர்ச்சியின் உள்ளேயே பிறர் உழைப்பு இருக்கின்றது என்பதைக் காட்டுவதற்குக் காண்டின் நூலே துணைபுரிகின்றது. அவர் அழகினின்றும் உன்னதத்தைப் பிரித்துக் காட்டுகின்றார். தலைமேற் சரியும் பாறை, இடிமேகம், எரிமலை, கொந்தளிக்கும் கடல் ஆகியன மனிதனின் உடல்வலிமை எத்துணை அற்பமானது என்பதை உணர்த்துகின்றன. ஆயினும் காண்பவன் பாதுகாப்பான இடத்தில் நின்றால், அக்காட்சி அச்சந் தருமளவுக்கு அவனை ஈர்க்கவுஞ் செய்கின்றது. இயற்கையினும் மேலான ஓர் ஆற்றல், அதாவது தன் அறிவின் ஆற்றல், தன்னிடம் உண்டென்பதை அவன் அப்பொழுது கண்டுகொள்கின்றான். உன்னதம் மலையில் இல்லை, காண்பவனின் உள்ளத்திலேயே உள்ளது என்பது அவரது முடிபு.

இக்கோட்பாட்டில் ‘பாதுகாப்பான இடம்’ என்னும் நிபந்தனை மிக இயல்பாக, வாதம் எதுவுமின்றி நுழைந்துவிடுகின்றது. அப்பாதுகாப்பை யார் ஆக்கினார் என்று காண்ட் கேட்கவில்லை. செற்றில்–கார்லைல் பாதையிற் செல்வோனுக்கோ அக்கேள்வி தவிர்க்கமுடியாதது. டென்ற் புகையிரத நிலையம் கடல்மட்டத்திலிருந்து 350 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கிலாந்தின் பிரதான பாதைகளில் உள்ள நிலையங்களுள் அதுவே மிக உயரமானது. அதன் அயலில், பழைய சிலிப்பர்க் கட்டைகளை நிறுத்திப் பனித்தடுப்பு வேலிகள் கட்டப்பட்டன. காற்றோடு வரும் பனி தண்டவாளத்தை மூடாதிருக்கவே அவ்வேற்பாடு. 1947 இன் கடுங்குளிரில் அவ்வேலிகளும் பயன்படவில்லை. பாதை பல வாரங்கள் மூடுண்டு கிடந்தது. மனிதர் மண்வெட்டியோடு நின்று பனியை அகற்றவேண்டியதாயிற்று. கண்ணாடிக்கு உள்ளிருப்பவனுக்குக் காட்சியாவது தண்டவாளத்தின்மேல் நிற்பவனுக்கு வேலையாகின்றது.

அப்பாதுகாப்பு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகின்றது என்பதை 1910 டிசம்பர் 24 ஆம் திகதி நடந்த விபத்து உணர்த்துகின்றது. விடியுமுன் இருளில், ஹோஸ் சந்தியில் ஒரே வேளையிற் பல எஞ்சின்களை வழிநடத்திக்கொண்டிருந்த சமிக்ஞையாளர், பாதையில் நிறுத்திவைத்த இரண்டு எஞ்சின்களை மறந்துபோனார். ஸ்கொட்லாந்து நோக்கி வந்த கடுகதி வண்டிக்கு வழி திறந்துவிட்டார். அது அவ்விரு எஞ்சின்களையும் பின்னாலிருந்து மோதியது. பெட்டிகளுக்கு ஒளியூட்டிய வாயு தீப்பற்றியது. பன்னிரண்டு பேர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோரின் உறக்கம் ஒரு மனிதனின் ஞாபகத்தின்மீது தங்கியிருந்தது. அவ்வொருவன் மறவாதிருந்த ஏனைய ஆயிரம் இரவுகளில் அவனை எவரும் எண்ணிப்பார்த்ததில்லை.

எனவே உன்னத உணர்ச்சியின் கணக்கில் ஒரு பிழை நேர்ந்துவிடுகின்றது. இயற்கையின் பெருவலிமைக்கு முன் அஞ்சாதிருக்கும் தன்னிலையைப் பயணி தன் உள்ளத்தின் வீறென்று வரவு வைத்துக்கொள்கின்றான். உண்மையில் அவ்வரவின் பெரும்பகுதி தூண் எழுப்பியவனுக்கும் பனி அகற்றியவனுக்கும் விளக்கேற்றி விழித்திருந்தவனுக்கும் உரியது. அவ்வுணர்ச்சி பொய்யானதன்று. அதன் உரிமை பற்றிய எண்ணமே பொய்யானது.

காண்ட் தம் நூலிலே சவோய் நாட்டுக் குடியானவன் ஒருவனையும் குறிப்பிடுகின்றார். பனிமலைகளை விரும்பித் தேடிவருவோர் அனைவரும் மூடர் என்று அவன் கூறியதாக, அல்ப்ஸ் மலைகளை ஆராய்ந்த சொசூர் எழுதியுள்ளார். அறப்பண்பாடு வளராத உள்ளத்துக்கு உன்னதமானது அச்சந் தருவதாக மட்டுமே தோன்றும் என்பதற்குக் காண்ட் இதனைச் சான்றாக்குகின்றார். ஆயின் அக்குடியானவனின் சொல்லை வேறுவகையாகவும் கொள்ளலாம். அவன் அம்மலையின்மீது வாழ்பவன். பனிச்சரிவில் ஆடுமாடுகளை இழந்தவர்களை அறிந்தவன். கண்ணாடி இல்லாமல் மலையைப் பார்ப்பவன். அவனது கூற்றிற் குறை இருக்கலாம்; அறியாமை இருப்பதாகத் துணிதற்கில்லை. பண்பாடு என்பது அச்சமின்றிப் பார்க்கும் ஆற்றல் என்றால், அதனுடன் அச்சத்தோடு வாழ்பவனின் பார்வையை மதிக்கும் ஆற்றலும் சேர்தல் வேண்டும்.

இவ்விடத்தில் நடைமுறைவாதி ஒருவர் குறுக்கிடலாம். தொழிலாளர் கூலி பெற்றனர்; பயணி சீட்டுக்குப் பணம் செலுத்தினான்; கணக்குத் தீர்ந்தது; இனி எங்கே கடன் என்று அவர் கேட்பார். கூலி, வேலைசெய்த மணித்தியாலங்களுக்குரியது. பயணச்சீட்டின் விலை, சென்ற தூரத்துக்குரியது. அவ்வழகோ எவராலும் விலைபேசப்படவில்லை. கம்பனி அதனை நாடவில்லை. கைவிடவே முயன்ற திட்டத்தில் தற்செயலாய் விளைந்தது அது. தொழிலாளனும் அதற்காக உழைக்கவில்லை. ஆதலால் எந்தப் பேரேட்டிலும் பதியப்படாத ஓர் எச்சமாக அது நிற்கின்றது. விற்கப்படாத பொருளை விலைகொடுத்து வாங்கிவிட்டதாக எவரும் உரிமை பாராட்டுதல் இயலாது.

குற்றவுணர்ச்சியே இதற்குப் பரிகாரம் என்பதும் பொருந்தாது. மாண்டவரை எண்ணிச் சாளரத் திரையை இழுத்து மூடிக்கொள்பவன் அவர்களுக்கு எதையும் மீட்டுக் கொடுப்பதில்லை. தன் மென்மையைத் தானே இரசிப்பது மற்றுமொரு நுகர்ச்சியே. தமிழிற் ‘கடன்’ என்னும் ஒரே சொல் பெற்றதைத் திருப்பித் தருதலையும் செய்யவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கின்றது. இறந்தோர்க்கு இருப்போர் செய்வது நீத்தார் கடன் எனப்படுகின்றது. கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கமுடியாத கடன்கள் உண்டு என்பதை இவ்வழக்கு ஏற்றுக்கொள்கின்றது. அவற்றைப் பின்வருவோர்க்கே செலுத்துதல் வேண்டும்.

இப்பாதையின் வரலாற்றில் அவ்வாறு செலுத்தப்பட்ட ஒரு சந்தர்ப்பமும் உண்டு. றிபிள்ஹெட் பாலத்தைத் திருத்தும் செலவு மிகையானது என்னும் காரணமும் காட்டப்பட்டு, 1984 இல் பாதையை மூடுதற்கான அறிவித்தல் வெளியிடப்பட்டது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் எழுத்திலே ஆட்சேபித்தனர். பயணிகளின் தொகை பன்மடங்கு பெருகியது. திருத்தச் செலவு முதலில் மதிப்பிட்டதிலும் குறைவாகவே முடியும் என்பதும் தெரியவந்தது. 1989 ஏப்ரல் 11 ஆம் திகதி அரசாங்கம் பாதையை மூட மறுத்தது. ஆட்சேபித்தவர்களிற் பலர் அழகை நாடி வந்தவர்களே. ஆயினும் அவர்கள் அழகை நுகர்வதோடு அமையவில்லை; அதனைத் தாங்கிநிற்கும் கல்லையும் தண்டவாளத்தையும் அவற்றைப் பேணும் வேலையையும் காக்க முன்வந்தனர். அழகுணர்ச்சி கடமையாய் மாறுதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அழகைக் காண்பதற்கு அறிவு தேவையில்லை என்பது காண்டின் கொள்கையாயின், அழகுக்குத் தகுதியுடையவனாதற்கு அறிவு தேவை என்பதை அதனோடு சேர்த்தல் வேண்டும். பனிவெளியைக் காணும் பயணி தன் மகிழ்ச்சியை ஒறுக்கவேண்டியதில்லை. அம்மகிழ்ச்சி யாருடைய உழைப்பின்மேல் நிற்கின்றது என்பதை அறிதலும், இன்று அதே குளிரில் பாதையைக் காப்போரின் ஊதியமும் பாதுகாப்பும் தன் மகிழ்ச்சிக்குப் புறம்பான விடயங்கள் அல்ல என்று கொள்ளுதலும் அவனிடம் எதிர்பார்க்கத்தக்கவை. தூணின் அடியில் உறங்குவோர்க்கு நன்றி கூறும் வழி அவர்தம் வழிவருவோரை மதித்தலேயாகும்.