விழுதலும் பதிவேடும்

எலவனாசூர்கோட்டையில் என் பாட்டி கைத்தடியைத் திண்ணையோரம் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்தபடி கொல்லைக்குப் போவாள். இரண்டு முறை விழுந்தாள். பிறகும் அப்படியேதான் போனாள். அது பிடிவாதமா சுதந்திரமா என்று அன்று யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தது ஒரு படிவம்.

கனடாவின் ஜேனிஸ் மோர்ஸ் 1989-ல் வெளியிட்ட விழுதல் அளவுகோல் பல நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் புழங்குகிறது. ஆறு கேள்விகள். அண்மையில் விழுந்திருந்தால் 25. கைத்தடி என்றால் 15. மேஜை நாற்காலியைப் பற்றி நடந்தால் 30. மொத்தம் 125. (நம் மதிப்பெண் மோகத்துக்கு ஏற்ற சரக்கு.)

ஆறாவது கேள்வி வேறு ஜாதி. தனியாக நடக்க முடியுமா என்று முதியவரையே கேட்க வேண்டும். பதில் நர்ஸின் கணிப்போடு ஒத்துப்போனால் பூஜ்யம். தன் சக்தியை மிகையாக எண்ணினால் 15. தன் உடல் பற்றிய ஒருவரின் பிரக்ஞையே இங்கு அபாயக் காரணம். இதில் உண்மை இல்லாமலில்லை. மறதி கண்டவர் இல்லாத பலத்தை நம்பி எழுந்துவிடுவார். இடுப்பெலும்பு முறிந்தபின் பலர் பழையபடி நடப்பதேயில்லை.

ஆனால் நடை பற்றிய கேள்வியில், நன்றாக நடப்பவருக்கும் பூஜ்யம், படுத்தே கிடப்பவருக்கும் பூஜ்யம். அளவுகோல் விழுதலை மட்டுமே எண்ணுகிறது. அதன் வேலை அதுதான். எண்ணைப் பார்த்ததும் 'இவரை எழுந்திருக்க விடாதே' என்று முடிவுகட்டுவது மனிதர்கள். எழுதி முடித்ததும் வருகிற நிம்மதியும் முதியவருடையதல்ல. நாளை அவர் விழுந்தால் காட்ட ஒரு தாள் வேண்டியவருடையது.

சுவரையும் நாற்காலிக் கணக்கில் சேர்த்தால் பாட்டிக்கு 55. தனியாக நடக்க முடியுமா என்று கேட்டிருந்தால், கேட்டவரை முறைத்துவிட்டு 'ஏன் முடியாது?' என்றிருப்பாள். ஆக, 70.