சமபலம்

வாழ்க்கையில் நம்மை எதிர்த்து நிற்பவர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்வறையில் பக்கத்தில் அமர்ந்தவனும், அதே உத்தியோகத்துக்கு மனுப் போட்டவனும், எதிர்க்கடை வியாபாரியும் தங்கள் பலத்தை நம் பலத்தோடு நிறுத்துப் பார்த்துக்கொண்டு வந்து நின்றவர்கள் அல்லர். அவர்களில் ஒருவன் நம்மை நொடியில் வீழ்த்திவிடுகிறான், மற்றொருவனை நாம் சிரமமின்றித் தாண்டிவிடுகிறோம், இரண்டிலுமே நம்முடைய உண்மையான அளவு இன்னதென்று நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. தனக்குச் சமமான ஒருவனோடு நெடுநேரம் மோதிப் பார்க்கும் பாக்கியம் மிகச் சிலருக்கே, அதுவும் மிகச் சில சமயங்களிலேயே வாய்க்கிறது. அந்தப் பாக்கியத்தை மனிதன் தானே தனக்கு அமைத்துக்கொள்ளக் கூடுமா என்ற கேள்வி, கார்ப் பந்தய விளையாட்டுகளில் கணிப்பொறி ஓட்டும் எதிராளிகளோடு நெடும்பந்தயங்களை நானே வகுத்து ஓட்டிவரும் பழக்கத்தினால் எனக்கு எழுந்தது.

நெடும்பந்தயம் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு இன்று அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது முதல், ஒரு பகலும் ஓர் இரவும் ஓயாமல் கார் ஓட்டுவது நம் வீடுகளில் பேசப்படும் விஷயமாகிவிட்டது. இத்தகைய பந்தயங்களுக்கெல்லாம் மூலஸ்தானம் போல விளங்குவது பிரான்ஸில் 1923 இல் தொடங்கிய லு மான் பந்தயம். 13.626 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில், குறித்த தூரத்தை யார் விரைவில் கடந்தார் என்று பார்ப்பதில்லை. குறித்த 24 மணி நேரத்துக்குள் யார் அதிக தூரம் சென்றார் என்றே பார்க்கிறார்கள். ஆகவே வேகம் அங்கே பல குணங்களில் ஒன்றாகிவிடுகிறது. டயரைத் தேய்க்காமல் ஓட்டுவதும், பெட்ரோலை மிச்சப்படுத்துவதும், விடியற்காலை மூன்று மணிக்குச் சித்தம் கலங்காமல் இருப்பதும் அதற்கு நிகரான குணங்களாகின்றன.

இந்தச் சாலைகளை வீட்டுக்குள் கொண்டுவந்து தரும் விளையாட்டுகள் பல. 1997 இல் ஜப்பானில் காஸுநோரி யாமவுச்சி தொடங்கிய 'கிரான் டூரிஸ்மோ' வரிசையில் 2022 இல் வெளிவந்த ஏழாம் விளையாட்டில், பந்தயத்தை நாமே அமைத்துக்கொள்ளும் 'கஸ்டம் ரேஸ்' என்ற பகுதி இருக்கிறது. அதைத் திறந்து உட்கார்ந்தவன் ஒரு சிறிய ராஜ்யத்துக்குச் சட்டம் வகுப்பவனாகிறான். எத்தனை கார்கள், எவ்வகைக் கார்கள், எவ்வளவு நேரம், எப்போது மழை, டயர் எத்தனை மடங்கு தேய வேண்டும், பெட்ரோல் எத்தனை மடங்கு செலவாக வேண்டும், கடிகாரம் எத்தனை மடங்கு விரைய வேண்டும் என்பதெல்லாம் அவன் இஷ்டம். கடிகாரத்தைப் பன்னிரண்டு மடங்காக்கிவிட்டால், மாலை நான்கு மணிக்குப் புறப்படுபவன் இரண்டு மணி நேரத்துக்குள் அந்தியையும் நள்ளிரவையும் விடியலையும் கடந்து மறுநாள் நான்கு மணியை எட்டிவிடுவான். டயர், பெட்ரோல் இரண்டையும் அதற்கேற்பப் பெருக்கினால், அதற்குள் பல முறை, டயர் மாற்றிப் பெட்ரோல் நிரப்பும் இடமான பிட்டுக்குள் நுழைந்து தீரவேண்டும். தேய்வும் செலவும் எதிராளிக்கும் அதே விகிதத்தில் பொருந்தும்படி அமைப்பதுதான் இதில் சாரமான விஷயம். ஒரே சட்டத்துக்கு உட்பட்ட இருவருக்கிடையில்தான் சமபலம் என்ற பேச்சுக்கே இடமுண்டு.

எதிராளியின் வலிமையை எப்படி நிர்ணயிப்பது? பிரேசில் நாட்டு நிறுவனமொன்று ஆக்கிய 'ஆட்டோமொபிலிஸ்டா 2' என்ற விளையாட்டில் அந்த வலிமையை 70 முதல் 120 வரை ஓர் எண்ணாகவே குறிக்கலாம். இங்கேதான் மனிதனுடைய கர்வம் முதலில் தலைகாட்டுகிறது. தனியாகச் சில சுற்றுகள் ஓடிப் பார்த்து, அவற்றில் மிக விரைவான ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஓடும் எதிராளிகளை அமைத்துக்கொள்வது பலருடைய வழக்கம். ஆனால் அந்தச் சிறந்த சுற்று, புதிய டயரோடும் குறைந்த பெட்ரோலோடும், தடையேதுமில்லாத சாலையில், எப்போதோ ஒரு முறை கைகூடியது. தன் சிறந்த சுற்றை வைத்து எதிராளியை அளப்பவன், தான் அபூர்வமாகவே இருக்கும் ஒரு மனிதனை வைத்துத் தன்னை அளக்கிறான். நெடும்பந்தயத்துக்கு வேண்டியது சராசரி. அதிலும் டயர் தேய்ந்து, கார் வளைவுகளில் வெளிப்புறமாக நழுவத் தொடங்கிய பிற்பாடு ஓடிய சுற்றுகளின் சராசரி. அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பது இன்பமான காரியமன்று. என்றாலும் தன்னைப் பற்றிய கலப்பற்ற செய்தி அத்தனை சுருக்கமாக வேறெங்கும் கிடைத்ததில்லை என்றே நான் சொல்வேன்.

கர்வத்துக்கு நேர்மாறான இன்னொரு மயக்கமும் உண்டு. எதிராளியின் வலிமையை உச்சத்தில் வைத்து, கடைசி இடத்தில் புறப்பட்டு, கடைசி இடத்திலேயே முடித்துவிட்டு, எவ்வளவு கடினமான பந்தயம் என்று பெருமைப்படுவோர் இருக்கிறார்கள். வெற்றி நிச்சயமான பந்தயத்தைப் போலவே தோல்வி நிச்சயமான பந்தயத்திலும் ஒருவன் எதையும் பணயம் வைப்பதில்லை. முடிவு எவ்வளவு நேரம் முடிவாகாமலே இருக்கிறது என்பதே ஒரு பந்தயத்தின் கடுமைக்கு நேர்மையான அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது.

முடிவாகாத இந்த நிலையைப் போலியாகச் செய்துகாட்டும் தந்திரம் ஒன்றும் இருக்கிறது. நாம் முந்தினால் எதிராளி இரகசியமாக வேகம் பெறுவதும், நாம் பின்தங்கினால் அவன் இரகசியமாகத் தளர்வதுமான அந்த ஏற்பாட்டை விளையாடுபவர்கள் 'ரப்பர் பேண்ட்' என்று சொல்லுவார்கள். ஐந்து நிமிடப் பந்தயத்தில் அதனால் கிளர்ச்சி உண்டாகலாம். இரண்டு மணி நேரப் பந்தயத்திலோ அது உழைப்பையே அவமதிக்கிறது. ஒரு மணி நேரம் பொறுமையாக ஓட்டிச் சேர்த்த பன்னிரண்டு விநாடிகளை யாரோ திரைமறைவில் எடுத்து எதிராளிக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்றால், சேர்ப்பதற்கு எவனுக்கு மனம் வரும்? அதைவிட மெய்யான முயற்சியொன்றும் நடந்திருக்கிறது. சோனி நிறுவனத்தின் செயற்கை அறிவுப் பிரிவார் 'சோஃபி' என்ற பெயரில், தானே பழகிப் பழகிக் கார் ஓட்டக் கற்கும் எதிராளி ஒன்றை உருவாக்கி, அந்த ஆய்வை 2022 பிப்ரவரியில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். 2021 ஜூலையில் சிறந்த மனித ஆட்டக்காரர்களோடு நடந்த அணிப் போட்டியில் தோற்ற சோஃபி, திருத்தங்களுக்குப் பின் அதே ஆண்டு அக்டோபரில் வென்றது. அதற்கு வேகத்தோடு பந்தயத்தின் மரியாதைகளையும் கற்பிக்க வேண்டியிருந்தது என்பதும், மோதினால் தண்டனை என்ற விதியைப் பயிற்சியிலேயே வைக்க வேண்டியிருந்தது என்பதும் என் மனத்தில் ஆழப் பதிந்த செய்திகள். இடித்துத் தள்ளுகிறவனும் சமமான எதிராளியல்லன், அஞ்சி ஒதுங்குகிறவனும் அல்லன்.

இனி நீளத்தைப் பற்றி. பந்தயம் நீள நீள அது கணிப்பொறிக்கே சாதகம் என்று நினைப்பது இயல்பு. அதற்குக் கண் எரிவதில்லை, கை மரத்துப் போவதில்லை, தாகம் எடுப்பதில்லை. ஆனால் பந்தயத்தின் நடுவே அது கற்பதுமில்லை. லு மான் பாதையின் ஆர்னாஜ் வளைவுக்கு முன்னால் முதற்சுற்றில் எந்த இடத்தில் பிரேக் பிடித்ததோ, ஏறக்குறைய அதே இடத்தில்தான் கடைசிச் சுற்றிலும் பிடிக்கும். மனிதனோ தளர்ந்துகொண்டே கற்கிறான். அதே பாதையின் முல்ஸான் நேர்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர், 1990 முதல் இரண்டு இடங்களில் வேகத்தை முறிக்கும் வளைவுகள். முதல் வளைவுக்கு முன்னே 200 என்ற தூரப்பலகை கண்ணுக்குத் தெரிகிறபோதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இன்ஜினின் கூச்சல் தணிந்து, கார் தன் வேகத்திலேயே உருண்டு போகும். பின்னால் வருபவனுடைய விளக்கொளி கண்ணாடியில் பெரிதாகும். அவன் முந்திவிடுவான் என்ற அச்சம் எழும். அதே கணத்தில் திரையில் பெட்ரோல் அளவைக் காட்டும் கோடு ஒரு மயிரிழை குறையாமல் நின்றிருக்கும். இப்படிச் சுற்றுக்குச் சுற்று மிச்சம் பிடித்துவந்தால் பிட்டுக்குள் ஒரு முறை குறைவாக நுழையலாம் என்ற கணக்கு, புத்தகத்தில் படித்தால் அற்பமாகத் தெரியும். பின்னால் அந்த விளக்கொளி நெருங்கும்போது காலை மீண்டும் அழுத்தாமல் இருப்பதற்கு வேண்டிய திடம் அற்பமானதன்று.

நீளம் மற்றொரு பெரிய காரியத்தையும் செய்கிறது; தவற்றின் ஸ்வபாவத்தையே மாற்றிவிடுகிறது. குறும்பந்தயத்தில் ஒருவன் பாதையை விட்டு மணலில் இறங்கினால், பந்தயம் அங்கேயே முடிந்தது. பொத்தானை அழுத்தி மறுபடியும் தொடங்குவான், அந்தத் தவறு நடக்கவே இல்லை என்றாகிவிடும். ஒரு மணி இருபது நிமிடம் ஓட்டிய பிறகு அதே மணலில் இறங்கியவனுக்கு மறுபடியும் தொடங்க மனம் ஒப்பாது. தவறு அப்போது கடனாகிறது. பதினெட்டு விநாடி என்று தொகை எழுதப்பட்ட கடன். மீதியுள்ள சுற்றுகளில் அரை விநாடியும் கால் விநாடியுமாகத் தீர்க்க வேண்டிய கடன். அதை ஒரே சுற்றில் தீர்த்துவிடத் துடிப்பவன் இரண்டாம் முறையும் மணலில் இறங்குகிறான். நடந்துவிட்டதை நடந்ததாகவே ஏற்றுக்கொண்டு, சேதப்பட்ட நிலையிலிருந்து மேலே ஓட்டும் இந்தப் பயிற்சியை, தொடங்கியதையெல்லாம் எளிதில் அழித்துத் திரும்பத் தொடங்கும் வசதி பெருகிவிட்ட நம் காலத்தில், நான் மிகவும் மதிக்கிறேன்.

இவ்வளவுக்கும் காவல் யார்? ஒருவரும் இல்லை. நடுவில் நிறுத்தி எதிராளிகளை எளியவர்களாக்கித் திரும்பத் தொடங்கினால் கேட்பாரில்லை. ஏகாதசிக்கு முழு உபவாசம் இருப்பவள் அடுக்களையில் தனித்திருக்கும்போது ஒரு டம்ளர் பால் குடித்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனாலும் அவள் குடிப்பதில்லை. சங்கல்பம் செய்துகொண்டவளும் அவளே, அதைக் காப்பவளும் அவளே என்பதனால்தான் அந்த விரதத்துக்கு உயிர் இருக்கிறது. பந்தயத்தை வகுத்தவன் விளக்குகள் அணைந்து கார்கள் புறப்பட்ட அந்தக் கணத்தோடு தன் சட்டமியற்றும் அதிகாரத்தைத் தானாகவே துறந்துவிட வேண்டும். சுதந்திரத்தின் உயர்ந்த பிரயோகம் விரும்பியபோதெல்லாம் விதியை மாற்றுவதில் இருக்கிறதா, மாற்ற முடிந்தும் மாற்றாதிருப்பதில் இருக்கிறதா என்று கேட்டால், நான் இரண்டாவது கட்சி.

அதற்காக விரதம் உடலை முறிக்க வேண்டியதில்லை. 1952 இல் லு மானில் பியேர் லெவேக் என்ற பிரெஞ்சுக்காரர், மாற்று ஓட்டுநர் காத்திருந்தும் இடம் கொடுக்க மறுத்து, டால்போ காரைத் தாம் ஒருவராகவே ஏறக்குறைய 23 மணி நேரம் ஓட்டினார். பல சுற்றுகள் முன்னணியில் இருந்த நிலையில், முடிவுக்குச் சற்றேறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கையில் இன்ஜின் பழுதாகி நின்றுவிட்டது. மெர்ஸிடிஸ் கார்கள் முதலிரண்டு இடங்களையும் பெற்றன. அந்தப் பிரயாசையை நினைத்து நான் வணங்குகிறேன். ஆனால் பின்பற்ற மாட்டேன். இன்று லு மான் விதிகளே ஓர் ஓட்டுநர் மொத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேலும், எந்த ஆறு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்துக்கு மேலும் ஓட்டக் கூடாதென்று தடுக்கின்றன. வீட்டில் தனியே அமர்ந்து முழு 24 மணி நேரத்தையும் ஓட்டத் துணிபவன், மெய்யான பந்தயமே மனிதனுக்கு அனுமதிக்காத ஒன்றைத் தன்னிடம் கேட்கிறான். கடிகாரத்தைப் பெருக்கி இரண்டு மணி நேரத்தில் ஒரு நாளை அடக்குவதை நான் குறையாக நினைக்காததற்கு இதுவே காரணம்.

இன்னொன்றை மட்டும் நெடுநாள் யோசித்திருக்கிறேன்: சமபலத்தை இவ்வளவு பாடுபட்டு அமைத்தவன், தற்செயலுக்கும் இடம் கொடுக்க வேண்டுமா? 2016 இல் லு மானில், முடிவுக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் இருக்கையில், முன்னணியில் இருந்த டொயோட்டா கார் திடீரென வலுவிழந்து தன் அணியின் கண்ணெதிரே நின்றது. பின்னால் வந்த போர்ஷே வென்றது. 'ஆர்ஃபாக்டர் 2' போன்ற விளையாட்டுகளில் இத்தகைய இயந்திரக் கோளாறுகள் தாமாக நேரும்படி அமைக்கலாம். வேண்டாம் என்று சொல்பவர்களின் வாதம் வலுவானது. திறமையை அளக்க வந்த இடத்தில் தற்செயலுக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கிறார்கள். நான் வேண்டும் என்ற பக்கம் சாய்ந்தேன். எதிராளியின் இன்ஜினும் அதே தற்செயலுக்கு உட்பட்டிருக்கிற வரையில் நியாயம் கெடுவதில்லை. தவிர, எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடக் கூடிய ஒன்றை ஓட்டுகிறோம் என்ற நினைவு, கியர் மாற்றும் கையையும் பாதையோர மேட்டில் ஏறும் சக்கரத்தையும் மென்மையாக்குவதை நான் கண்டிருக்கிறேன். மழையையும் நானே எழுதி வைப்பதை இப்போது விட்டுவிட்டேன்.

அடுத்தாற்போல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், 1927 இல் திறந்த 20.832 கிலோமீட்டர் வடக்குப் பாதையில், ஒரு பந்தயம் அமைக்க எண்ணியிருக்கிறேன். கணிப்பொறி எதிராளிகள் ஒரு பாதையில் வலியவர்களாகவும் மற்றொன்றில் எளியவர்களாகவும் இருப்பது வழக்கமாதலால், லு மானில் எனக்குச் சரியாக நின்ற எண் அங்கே செல்லாது. காட்டுக்குள் ஏறியும் இறங்கியும் வளையும் அந்தப் பாதையில், அதுவும் ஒரு பகுதியில் மழையும் மறு பகுதியில் வெயிலுமாக இருக்கும் வேளையில், என் சராசரி எவ்வளவு என்பதைத் தேய்ந்த டயரோடு ஓடிப் பார்த்து எழுதிக்கொண்ட பிறகே எதிராளிகளின் வலிமையைக் குறிக்க வேண்டும்.